ஒரு மணி குறைத்தால் மர்ஜான்

ஓரஸ்கானை நொண்டி என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவன் நான்தான். அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும் உண்டு. இருபது வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரன், அவர் வீட்டுப் பால் தேநீரைக் குடித்தே தொப்பை வைத்தவன். அவருக்கு வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டை. சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்தார். எலும்பைச் சேர்த்துக் கட்டியவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, கால் கோணலாகவே சேர்ந்துவிட்டது. அதிலிருந்து ஓர் அடி விட்டு ஓர் அடிக்கு அவருடைய வலது தோள் இறங்கி ஏறும். தெருக்கோடியில் முகம் தெரிவதற்கு முன்பே ஓரஸ்கான் வருகிறார் என்று தெரிந்துவிடும்.

இந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் பார்த்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அல்மாத்தி விமான நிலையத்தில் பறவை விரட்டினார். ஓடுபாதையைச் சுற்றியுள்ள கம்பி வேலி ஓரமாக, பனியானாலும் வெயிலானாலும், வாயில் ஒரு விசிலும் தோளில் ஒரு வெடித் துப்பாக்கியுமாக நடந்துகொண்டே இருப்பார். காக்கைகளுக்கு வெடி, மைனாக்களுக்கு வசவு. வெடிச் சத்தம் மைனாவுக்குப் பழகிப்போய்விடுமாம், வசவுதான் பழகாதாம். ஓய்வு பெறுகிறவரைக்கும் அதே வேலி, அதே நடை. எங்கள் ஊரில் இரண்டு காலும் சரியாக இருக்கிற எவனும் அவர் நடந்த தூரத்தில் பாதி நடந்திருக்க மாட்டான். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன், என்னைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் ஓடுபாதைக்குப் பின்னால்தான் இருக்கிறது. விமானம் இறங்கும்போது அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுக்கும். பேச்சை அப்படியே நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அத்தனை வருடம் விமானங்களுக்கு நடுவே நடந்தவர் ஒன்றிலாவது ஏறியிருக்கிறாரா என்றால், இல்லை.

"ஒரு தடவையாவது ஏறிப் பாக்கணும்னு தோணலையா, ஓரேக்கே?" என்று கேட்டேன். பெரியவர்களின் பெயரை எங்கள் பக்கம் இப்படிச் சுருக்கித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"கோழி வளக்கிறவன் கோழி மேல ஏறியாடா சந்தைக்குப் போறான்?" என்றார்.

அவருக்கும் ராபிகா அண்ணிக்கும் ஒரே பெண், மர்ஜான். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள். பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். குளிர்காலத்தில் பாதையெல்லாம் பனிக்கட்டி என்பதால் தினமும் காலையில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஆசிரியை ஒரு நாள் ஆள் அனுப்பினார். குழந்தைக்கு இடுப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது, ஓர் அடி விட்டு ஓர் அடி சாய்ந்து நடக்கிறாள், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். அண்ணி பதறிப்போய்ப் பெண்ணை முற்றத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி ஓடியது. "அப்புறம் ஏண்டி ஸ்கூல்ல அப்படி நடக்கிறே?" என்று கேட்டதற்கு மர்ஜான், "அப்பா அப்படித்தானே நடக்கிறாரு, ஸ்கூலுக்கு அப்படித்தான் போகணும்" என்றாளாம்.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. ஓரஸ்கானும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் மகளின் கையைப் பிடிக்கவில்லை. அவளை முன்னால் நடக்கவிட்டு, பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தார். தன்னுடைய நடை அவள் கண்ணில் படக் கூடாதாம். அவள் திரும்பிப் பார்த்தால் உடனே நின்றுகொள்வார். பள்ளிப் படிப்பு முடிகிறவரை அப்படியேதான். அதை நான் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வரும், யார் மீது என்றுதான் தெரியாது.

மர்ஜான் வளர்ந்தாள், செவிலியர் படிப்பு முடித்தாள், எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் கைர்பெக் என்ற பையனைக் கட்டிக்கொண்டு அக்தாவுக்குப் போனாள். அக்தாவ் நாட்டின் மேற்குக் கோடி, காஸ்பியன் கடலோரம். எங்களிடமிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் மூன்று மணி நேரமும் சொச்சமும். அப்போது அங்கே கடிகாரம் எங்களைவிட ஒரு மணி பின்னால் ஓடியது. அதனால் இங்கே பத்து மணிக்கு ஏறினால் அங்கே பன்னிரண்டு சொச்சத்துக்கு இறங்கிவிடலாம். திரும்பி வரும்போது அதே பத்து மணிக்கு ஏறினால் இங்கே இரண்டு மணி தாண்டிவிடும்.

"பாத்தியாடா தோசிம்," என்பார் என்னிடம். "எம் பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போறப்ப ரெண்டு மணி நேரத்துல போயிடுறா. அப்பன் வீட்டுக்கு வர்றதுக்கு மட்டும் நாலு மணி நேரம் எடுத்துக்கிறா."

"பொண்ணைப் பெத்தா அப்படித்தான், ஓரேக்கே."

சமையலறைச் சுவரில் ஒரு பெரிய வட்டக் கடிகாரம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை அவர் பார்க்கிற விதமே மாறிவிட்டது. பார்ப்பார், மனதுக்குள் ஒரு மணி குறைப்பார். "இப்பதான் எழுந்திருப்பா." "இப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பா." எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஆனால் ஒரு மணி பின்னால் அக்தாவில் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருக்கும் மகளோடுதான் இருப்பார்.

போன வருடம் மார்ச்சில் நாடு முழுக்க இனி ஒரே நேரம் என்று அரசாங்கம் அறிவித்தது. கிழக்கே இருந்த நாங்கள் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினோம். அக்தாவின் நேரமே எங்கள் நேரமும் ஆனது. அதைப் பற்றி என்னைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டேன். ஜூன் மாதத்தில் நாலு மணிக்கே சூரியன் ஜன்னலில் வந்து நிற்கிறது, சாயங்காலம் எட்டு அடிப்பதற்குள் இருட்டி விடுகிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைச் சட்டை செய்யாமல் பழைய நேரத்திலேயே இருந்துவிட்டார்கள். விருந்துக்கு அழைத்தால் "பழைய மணியா, புது மணியா?" என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

ஓரஸ்கானும் கடிகாரத்தைத் தொட விடவில்லை. அவருடைய காரணம் வேறு. "சுவரைப் பாக்குறேன், ஒண்ணு குறைக்கிறேன், அது மர்ஜானோட மணி. இப்ப அரசாங்கத்துக்கும் அதே மணி. எங் கணக்குல என்ன தப்பு?" என்றார்.

"மாத்தி வச்சா குறைக்கிற வேலையே இல்லையே, ஓரேக்கே."

அவர் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதான். எதைடா குறைக்கிறது அப்புறம்?" என்றார். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவர் மகளை நினைப்பது அந்த ஒரு மணியைக் குறைக்கும்போதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணிதான் வாரத்துக்கு ஒரு முறை சண்டை போட்டாள்.

மர்ஜானுக்கு இன்கார் பிறந்தாள். இந்த வசந்தத்தில் குழந்தை எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியது. எங்களில் குழந்தை முதல் அடி வைக்கிற பருவத்தில் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் அதன் இரண்டு கால்களையும் தளர்வாகக் கட்டி, வெள்ளைத் துணிமேல் நிறுத்தி, அந்தக் கயிற்றை ஒருவர் வெட்டுவார். வெட்டியவரே கையைப் பிடித்து நடத்தியும் போவார். வெட்டுகிறவரின் நடைதான் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் தடுக்கி விழாத ஆளாக, சுறுசுறுப்பான ஆளாகத் தேடிப் பிடிப்பார்கள்.

அன்று நான் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் போனில் மர்ஜான் முகம் தெரிந்தது.

"அப்பா, ஜூன்ல விருந்து வச்சிருக்கோம். இன்காரோட கயிறை நீங்கதான் வெட்டணும்."

ஓரஸ்கானின் கையிலிருந்த ரொட்டி தட்டுக்குப் போய்விட்டது. "என்ன பேச்சு இது? மாப்பிள்ளையோட பெரியப்பா இருக்காரே, மல்யுத்தம் பண்ணினவரு. அவரை வெட்டச் சொல்லு."

"அவரும் அதைத்தான் சொல்றாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

"பொம்பளைப் பிள்ளைம்மா அது."

"நானும் பொம்பளைப் பிள்ளைதான்."

"ரெண்டாயிரம் கிலோமீட்டர்! மூணு மணி நேரம் இந்தக் காலை மடக்கி உக்காந்தா நான் எழுந்திருக்கவே மாட்டேன்."

"மூணு மணி நேரம் வேலியைச் சுத்திட்டு வந்து என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடினவருதானே நீங்க? டிக்கெட் போட்டாச்சு. வர்றீங்க."

படம் அணைந்தது. அவர் வெகுநேரம் தன் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், தூரத்துக்கெல்லாம் அவர் பயப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பாதையில் தன் மகளுக்குப் போய்ச் சேராமல் காப்பாற்றியதைத் தன் கையாலேயே பேத்திக்குக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்தார்.

சில நாள் கழித்து அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு காட்சி பார்த்தேன். கம்பளித் துண்டை மடித்து மடித்து வலது ஷூவுக்குள் திணித்துக்கொண்டு, வேலி ஓரமாக மேலும் கீழும் நடந்து பழகிக்கொண்டிருந்தார். தோள் இறங்காமல் நடக்க முயற்சி. கல்யாணத்தில் புதுச் சட்டை போட்ட பையன் மாதிரி விறைப்பாக நடந்தார். நான் ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வேறு நாளாக இருந்தால் சிரித்துக் கெடுத்திருப்பேன்.

சமையலுக்கு உதவ அண்ணி ஒரு வாரம் முன்னதாகவே அக்தாவுக்குப் போய்விட்டாள். கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவர் விருந்து நாளன்று காலை விமானத்தில்தான் வருவேன் என்றார். காலையில் ஏறினால் மதியம் விருந்துக்குச் சரியாக இருக்கும்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததுமே காரைக் கழுவிவிட்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"எப்ப கிளம்பணும், ஓரேக்கே?"

"நான் சொல்றப்ப."

"விமானம் எத்தனை மணிக்கு?"

"அது எதுக்குடா உனக்கு? நீயா ஓட்டப் போறே விமானத்தை?"

போய்ப் படியில் உட்கார்ந்தேன். விமான நிலையம் கூப்பிடு தூரம், அந்த நெருக்கம்தான் எங்கள் ஊர்க்காரர்களைக் கெடுத்தது. தூரத்து ஊர்க்காரன் முந்தின நாளே வந்து காத்திருப்பான், நாங்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே ஓடுவோம். அவர் நிதானமாகத் தாடியை மழித்தார், கன்றுக்குத் தண்ணீர் வைத்தார், சமையலறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார், நல்ல கோட்டைப் போட்டார். பையில் ஆப்பிளும் குதிரைக் கறித் தொத்திறைச்சியும். கோட்டுப் பையில் கயிறு வெட்ட அவருடைய மடக்குக் கத்தி. "ம், இப்ப கிளம்பலாம்" என்றார்.

பெரிய சாலைக்குத் திரும்பியதும் சும்மா இருக்காமல் மறுபடி கேட்டேன். "இப்பவாவது சொல்லுங்க, எத்தனை மணிக்கு?"

"பத்தரை. மெதுவாப் போ, நிறைய நேரம் இருக்கு."

முன்னால் மாட்டியிருந்த என் போனைப் பார்த்தேன். மணி பத்தைத் தாண்டியிருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. "ஓரேக்கே, மணி பத்து!"

"பைத்தியக்காரா, ஒம்பது. சுவர்ல பத்து பாத்தேன், ஒண்ணு குறைச்சேன்."

நான் போனை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் அழுத்தின அழுத்தில் பழைய கார் விம்மியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் ஓரஸ்கான் ஓடிப் பார்த்தேன். நுழைவுச் சோதனையில் கத்தி சிக்கியது. அதைப் பிடுங்கி என் கையில் திணித்துவிட்டு ஓடினார். மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், ஆனால் கதவு மூடியாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"இத்தனை வருஷம் இங்க பறவையை விரட்டினேன்மா," என்றார் அவளிடம். "இப்ப என்னையே விரட்டிட்டீங்க." அவள் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணிக்கு நான்தான் போன் செய்தேன். அவள் கத்தவே இல்லை, அதுதான் ஆச்சரியம். அழுதாள்.

"நான்தான் தம்பி மாத்தி வச்சேன். கிளம்பற அன்னிக்குக் கடிகாரத்தைச் சரியா வச்சுட்டு வந்தேன். தனியா இருக்கிற மனுஷன், பழைய மணி புது மணின்னு குழம்பி விமானத்தை விட்டுடக் கூடாதேன்னு. சொன்னா சண்டை போடுவாருன்னு சொல்லலை."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். சுவர் ஏற்கெனவே மகளின் மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, ஒரு வாரமாக அதிலிருந்தும் ஒன்றைக் குறைத்து, மகளுக்கும் பின்னால் தனியாக ஒரு நேரத்தில் இருந்திருக்கிறார் மனிதர். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து, "சரி விடு ராபிகா. நல்லதுக்குத்தான். பெரியப்பாவை வெட்டச் சொல்லுங்க. விருந்தை நிறுத்தாதீங்க" என்றார்.

முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன நல்லதுக்கு? உங்களுக்குப் பயம், ஓரேக்கே! கொல்லையில ஷூவுல கம்பளி வச்சு நடந்ததை நான் பாத்தேன். பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதுக்கும் கடிகாரத்தைச் சாக்காக் காட்டிட்டு வீட்டுக்குப் போகப் பாக்குறீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பிள்ளையும் இப்படியே நடந்துட்டா, தோசிம்," என்றார் மெதுவாக. "நாலு பேரு அதைப் பாத்துச் சிரிச்சா, நான் என்னடா பண்ணுவேன்?"

அப்போது போனில் மர்ஜான் குரல் வந்தது. அண்ணியிடமிருந்து போனை எப்போது வாங்கினாளோ, எதுவரை கேட்டாளோ.

"அப்பா, சாயங்கால விமானத்துல ஏறுங்க."

"அதுக்குள்ள விருந்து முடிஞ்சிடும்மா."

"முடியட்டும். சாப்பிட வந்தவங்க சாப்பிட்டுப் போகட்டும். கயிறு என் கையில இருக்கு, யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன். இன்னிக்கு வரலைன்னா நாளைக்கு. நாளைக்கு இல்லைன்னா அது நடக்காமலே இருக்கட்டும், நான் இடுப்புல தூக்கி வச்சுக்கிறேன்."

"பிடிவாதம் பிடிக்காதே, மர்ஜான்."

"எனக்காக உங்களை மாதிரி நடந்தவங்க யாரு இருக்காங்க? பெரியப்பாவா நடந்தாரு? ஸ்கூலுக்குப் போறப்ப திரும்பிப் பாத்தா நின்னுடுவீங்க. ஏன் நிக்கிறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. அதுக்கப்புறம்தான் நான் திரும்பிப் பாக்குறதை விட்டேன்."

ஓரஸ்கான் எழுந்து, தண்ணீர் கொடுத்த பெண்ணிடம் போய், சாயங்கால விமானத்தில் இடம் இருக்குமா என்று கேட்டார். இருந்தது. மாற்றிக் கொடுத்தாள்.

அன்று பகல் முழுக்க நாங்கள் நிலையத்து வாசலில் உட்கார்ந்து, அக்தாவுக்கு என்று கட்டிக்கொண்டு வந்த ஆப்பிளில் பாதியைத் தின்றோம். வேலிக்கு அப்பால் மைனாக்கள் கத்தின. அவர் எழுந்து இரண்டு வசவு விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே போக வேண்டிய நேரம் வந்ததும் குனிந்து, வலது ஷூவைக் கழற்றி, அந்தக் கம்பளி மடிப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"கடிக்குது. நீயே வச்சுக்கோ."

"வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தைத் திருப்பி வச்சிடட்டுமா, ஓரேக்கே?"

கொஞ்சம் யோசித்தார். "வேணாம். அவ மணியிலேயே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, தோள் இறங்கி ஏற, பின்னால் பார்க்காமல் போனார்.

வீட்டுக்கு வந்து கன்றுக்குப் புல் போட்டேன். எட்டு மணிக்கு எங்கள் முற்றத்தில் நல்ல இருட்டு. என் மனைவி விளக்கைப் போட்டுவிட்டுச் சாப்பாடு வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. ஒன்பது மணி வாக்கில் போன் சிணுங்கியது. அண்ணி வீடியோப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவளுக்குப் படம் எடுக்கத் தெரியாது, முதலில் அவளுடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. அப்புறம் விரல் விலகியது, திரை முழுக்க வெயில்.

இங்கே இருட்டு, அங்கே வெயில். ஒரே மணிதான். சூரியன் கூடவே வந்தது, மறையவே மாட்டேன் என்றது, விமானத்துப் பெண்ணிடம் கேட்டால் அவள் சிரிக்கிறாள் என்று பிற்பாடு அவர் எனக்குச் சொன்னார். அன்று பகல் முடிவதற்குள் தாத்தாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அதற்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

அக்தாவ் விமான நிலையத்தின் வாசல் அது. வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் வெள்ளைத் துணியை விரித்திருந்தார்கள். கடல் காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு முனையை மாப்பிள்ளை மிதித்துக்கொண்டு நின்றான், மறுமுனையில் அந்த மல்யுத்தப் பெரியப்பாவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். விருந்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கார்களில் கிளம்பி வந்திருந்தார்கள். வாடகைக் கார்க்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள், எங்கள் இனம், வேடிக்கை என்றால் விட மாட்டோம். ஓரஸ்கான் நல்ல கோட்டில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மர்ஜான் தன் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்த கறுப்பு வெள்ளைக் கயிற்றை அவிழ்த்து இன்காரின் கால்களில் கட்டினாள். காலையிலிருந்து கையிலேயே சுற்றி வைத்திருந்தாள் போல, மணிக்கட்டில் கயிற்றின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அவர் கோட்டுப் பையைத் தடவினார். கத்தி என்னிடம் அல்லவா இருக்கிறது! திரைக்கு இந்தப் பக்கம் நான் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்போது பெரியப்பா மண்டியிட்ட இடத்திலிருந்தே தன் இடுப்புக் கத்தியை உருவி, பிடியை முன்னால் நீட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார். "வெட்டுங்க சம்பந்தி. குழந்தை ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

ஓரஸ்கான் கஷ்டப்பட்டுக் குனிந்து வெட்டினார். பெண்கள் குலவையிட்டு மிட்டாய்களை வாரி இறைத்தார்கள். குழந்தையின் கையைப் பிடித்தார். இன்கார் ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். மூன்றாவது அடியில் அவர் கை தளர்வதைப் பார்த்தேன். மெதுவாகக் கையை விட்டுவிட்டு, ஓரடி பின்னால் வாங்கினார். குழந்தையின் கண்ணில் படாமல் பின்னால் போய் நின்றுகொள்ளத்தான்.

"அப்பா!" மர்ஜானின் சத்தம் காற்றை மீறிக் கேட்டது. "பின்னால போகாதீங்க. பக்கத்துல நடங்க."

குழந்தை நின்று, திரும்பி, அண்ணாந்து தாத்தாவைப் பார்த்தது. இந்தத் தடவை அவர் நின்றுவிடவில்லை. முன்னால் வந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய தோள் இறங்கி ஏறியது. பிடித்திருந்த கையோடு சேர்ந்து குழந்தையும் சாய்ந்து நிமிர்ந்தது, ஓர் அடி விட்டு ஓர் அடி, துணியின் கடைசி வரைக்கும். இன்காருக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது, கெக்கெக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. மர்ஜான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணியும் அழுதிருக்க வேண்டும், படம் அப்படி ஆடியது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் என் மனைவி. கண் மறைத்ததில் எனக்கு எந்த இடத்தை அழுத்துவது என்று தெரியவில்லை. அவளே போனை வாங்கிப் போட்டாள்.